சொப்ட்போல் மட்டைவீச்சு: பிள்ளையின் பாதத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்

திருகோணமலையில் சொப்ட்போல் பழக வரும் பிள்ளை பெரும்பாலும் வேறு ஆட்டம் ஒன்றைப் பழகிவிட்டுத்தான் வருகிறாள். டச்பே கடற்கரை மணலில் தம்பியோடு ஆடிய கிரிக்கெட்டோ, பாடசாலையில் ஆடிய எல்லேயோ அவளுடைய தோளிலும் மணிக்கட்டிலும் ஏற்கெனவே பதிந்திருக்கும். பந்தைத் தொடர்ந்து பார்க்கும் கண் அவளுக்கு இருக்கிறது, அது இலாபம். ஆனால் கிரிக்கெட் மட்டையைத் தாழப் பிடித்து, பந்து குத்தி எழும்வரை காத்திருக்கப் பழக்கியிருக்கும். எல்லே, நீண்ட மூங்கிலை இரு கையையும் நீட்டி விசிறப் பழக்கியிருக்கும். சொப்ட்போலில் பந்து நிலத்தில் படாமலே வருகிறது. 40 அடி (12.19 மீற்றர்) தூரத்திலிருந்து மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், பந்து கையைவிட்டு மட்டைக்கு வர அரைச் செக்கனுக்குச் சற்று மேலேதான் ஆகும். அதற்குள் கையை நீட்டிச் சுற்ற நேரமில்லை.

இங்கே பேசுவது மென்பந்துக் கிரிக்கெட்டைப் பற்றி அல்ல. பிட்ச்சர் கையை வட்டமாகச் சுழற்றி இடுப்பளவில் விடும் பந்தை உருண்டை மட்டையால் அடிக்கும் ஆட்டத்தைப் பற்றி. 8 முதல் 14 வயதுவரையான பிள்ளைக்கு உதவும் பெற்றோருக்கும், புதிதாகப் பொறுப்பேற்ற விளையாட்டு ஆசிரியருக்கும் இது பொருந்தும். எல்லாவற்றையும் வலதுகைப் பிள்ளைக்கே சொல்கிறோம். இடதுகைக்காரி என்றால் மாற்றி வாசியுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மட்டைவீச்சில் பிழை கையில்தான் தெரியும். ஆனால் அது தொடங்கும் இடம் பெரும்பாலும் காலாக இருக்கும், அல்லது நேரம் தவறியதாக இருக்கும். “முழங்கையைத் தூக்கு, மணிக்கட்டைத் திருப்பாதே” என்று கையையே பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தால் ஒரு மாதம் போகும், பிழை போகாது. பாதம், இடுப்பு, பிறகு கை என்ற வரிசையில் போங்கள்.

மட்டையும் பந்தும்

பெரும்பாலான இடங்களில் அக்காவின் மட்டைதான் தங்கைக்கு வரும். பாரமான மட்டையைத் தூக்கும் பிள்ளை அந்தப் பாரத்தைச் சமாளிக்கவே ஒரு பிழையான வீச்சை உருவாக்கிக்கொள்வாள். பிறகு சரியான மட்டை கிடைத்தாலும் அந்தப் பழக்கம் போகாது. நீளத்துக்குப் பொதுவான அளவு: 8–9 வயதுக்கு 26–28 அங்குலம், 10–11 வயதுக்கு 28–30, 12–13 வயதுக்கு 30–32. உயரமான பிள்ளைக்கு ஓர் அங்குலம் கூடலாம். விதிப்படி சொப்ட்போல் மட்டை 34 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ, இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் பருமனாகவோ இருக்கக்கூடாது. கடையில் பேஸ்போல் மட்டையைக் காட்டி “இதுவும் அதுதான்” என்பார்கள். அதன் பருத்த பாகம் பல சமயம் இந்த அளவைத் தாண்டிவிடும், பாரமும் கூட.

பாரத்தைச் சோதிக்க, பிள்ளை மட்டையின் பிடியை ஒரு கையால் பிடித்து, கையைத் தோளுயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி 20 செக்கன் நிற்கட்டும். மட்டையின் நுனி அதற்குள் தொங்கத் தொடங்கினால் அது அவளுக்குப் பாரம். சந்தேகம் வந்தால் இலேசானதையே எடுங்கள்.

பந்தின் சுற்றளவு சிறு பிள்ளைகளுக்கு 11 அங்குலம், மற்றவர்களுக்கு 12 அங்குலம். 12 அங்குலப் பந்து 178 முதல் 198 கிராம் வரை இருக்கும். பந்து கிடைக்கவில்லை என்று கிரிக்கெட் தோல்பந்தை அடிக்கக் கொடுக்காதீர்கள். அது சிறியது, கடினமானது. அலுமினிய மட்டை நெளியும், கலப்பு இழையால் (composite) செய்த மட்டை வெடிக்கும், எதிரே நிற்பவருக்கும் ஆபத்து. பழக்கத்துக்கு ரெனிஸ் பந்து போதும். வீட்டுக்குள் என்றால் பழைய காலுறைகளைச் சுருட்டித் தைத்த பந்தே போதும்.

நிலை

பாதங்கள் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்திருக்க வேண்டும். முழங்கால் இலேசாக மடிய, பாரம் பாதத்தின் முன்பகுதியில் நிற்க வேண்டும். குதிக்காலில் பாரம் போட்டு நிற்கும் பிள்ளையை நெஞ்சில் விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், பின்னே சாய்வாள். நல்ல நிலையில் நிற்பவள் அசையமாட்டாள். செருப்போடு பழக விடாதீர்கள். பின்பாதம் திரும்பும்போது செருப்பு கழன்று கணுக்கால் புரளும்.

அடிப்பவர் அருகே நிலத்தில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்று கேட்பார்கள். பிளேட்டின் அகலம் 43 சென்ரிமீற்றர். பிள்ளை இடுப்பை இலேசாக மடித்து, மட்டை நுனியால் பிளேட்டின் அப்புறத்து விளிம்பைத் தொட முடிந்தால் தூரம் சரி. தொட முடியாவிட்டால் வெளிப்பக்கப் பந்து அவளுக்கு எப்போதும் எட்டாது.

பிடியில் இடதுகை மட்டையின் அடியிலுள்ள குமிழுக்கு அருகே, வலதுகை அதற்கு மேலே, இரண்டும் ஒட்டியபடி இருக்கட்டும். கிரிக்கெட்டிலும் கைகளின் வரிசை இதுதான் என்பதால் பிள்ளைக்குக் குழப்பம் வராது. மாறுவது ஓரிடத்தில்: மட்டை உள்ளங்கையில் அமிழக்கூடாது, விரல்களின் அடியில் இருக்க வேண்டும். கதவைத் தட்டப் பயன்படும் விரல்மூட்டுகள் இரு கையிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தால் பிடி சரி. இறுக்கிப் பிடிக்கும் கையால் வேகமாகச் சுழற்ற முடியாது. காத்திருக்கும்போது விரல்கள் தளர்ந்திருக்கட்டும், அடிக்கும்போது தானாக இறுகும்.

கைகள் வலது தோளுயரத்தில், உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். மட்டை தோளில் படுக்கவும் கூடாது, வானத்துக்கு நேராக நிமிரவும் கூடாது, சரிந்து நிற்கட்டும். வலது முழங்கையை உயரத் தூக்கும்படி சொல்வது இன்னும் பல மைதானங்களில் கேட்கிறது. சிறு பிள்ளைக்கு அது தேவையில்லை. தூக்கிய முழங்கை கீழே வர நேரம் எடுக்கும், அந்த நேரம் அவளிடம் இல்லை. இரண்டு கண்ணும் பிட்ச்சரைப் பார்க்கின்றனவா என்று முன்னே நின்று சரிபாருங்கள். தலை திரும்பாமல் ஒரு கண்ணால் பார்க்கும் பிள்ளைகள் நிறைய.

பின்பாரமும் காலடியும்

வீச்சு முன்னே போவதற்கு முன் கொஞ்சம் பின்னே போகும். இடது முழங்கால் சற்று உள்ளே வர, பாரம் வலது தொடையின் உட்பக்கத்தில் ஏற, கைகள் 5 முதல் 8 சென்ரிமீற்றர் பின்னே போகின்றன. அவ்வளவுதான். வலது முழங்கால் வலது பாதத்துக்கு வெளியே தள்ளிப்போனால் அது வெறும் ஆட்டம். அங்கிருந்து திரும்பிவர இன்னொரு அசைவு வேண்டும்.

பிறகு இடது பாதம் 10–15 சென்ரிமீற்றர் முன்னே, மெதுவாக, பெருவிரல் பக்கம் முதலில் பட இறங்கும். இறங்கிய பாதம் பிட்ச்சரை நேராகப் பார்க்காமல் ஏறக்குறைய 45 பாகை மூடியபடி இருக்கட்டும். பாதம் இறங்கும்போது கைகள் இன்னும் பின்னேதான் இருக்க வேண்டும். இந்த ஒரு கணத்தில் கைகளும் காலோடு சேர்ந்து முன்னே வந்துவிட்டால் பலமெல்லாம் கழிந்துவிடும். பிறகு கையால் மட்டும் தட்டுவாள். எங்கள் பிள்ளைகளிடம் மிக அதிகமாகக் காண்பது இதைத்தான். கிரிக்கெட்டில் முன்காலை நீட்டி அதன்மேல் பாரம் சாய்த்து ஆடிய பழக்கம் அது.

நேரத்தைப் பிட்ச்சரின் கையைப் பார்த்துப் பழக்குங்கள். கை தலைக்கு மேலே போகும்போது பின்பாரம். பந்து கையைவிடும்போது காலடி. பந்து பாதி வழி வருமுன் பாதம் நிலத்தில். பாதம் இறங்கிய பின்னும் அடிக்காமல் நிற்கும் உரிமை அவளுக்கு உண்டு. காலடி என்பது அடிப்பதற்கான முடிவு அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

இடுப்பு

பாதம் இறங்கியதும் இடுப்பு முதலில் திரும்பும், தோள் அதைத் தொடரும், கை கடைசியில் வரும். வலது குதிக்கால் எழும்ப, அந்தப் பாதத்தில் சப்பாத்துக் கயிறு கட்டிய பக்கம் பிட்ச்சரை நோக்கித் திரும்பும். இடது கால் முழங்காலில் உறுதியாகி உடம்பைத் தடுத்து நிறுத்தும். ஓடிவந்த பாரத்தை இடது கால் நிறுத்தினால்தான் அந்த வேகம் மட்டைக்குப் போகும்.

பின்பாதத்தை நின்ற இடத்திலேயே நசுக்கித் திருப்பச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளை பாதத்தை மட்டும் திருப்பி, பாரத்தைப் பின்னேயே வைத்துக்கொள்வாள். பந்து உயரமாகக் கிளம்பி அருகிலேயே விழும். இடுப்பு திரும்பிப் பாதத்தை இழுக்க வேண்டும். அடித்து முடித்தபின் வலது பாதத்தின் விரல்நுனி மட்டும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

இதைப் பழக மட்டையை வீசவே வேண்டாம். மட்டையை முதுகுக்குப் பின்னே, இரு முழங்கை மடிப்பிலும் கிடையாகச் செருகிக்கொண்டு, பின்பாரம், காலடி, இடுப்புத் திருப்பம் என்று 10 தடவை செய்யட்டும். தொப்புள் பிட்ச்சரைப் பார்க்கும்போது நிறுத்த வேண்டும். உலர்ந்த கடற்கரை மணலில் இதைச் செய்யாதீர்கள். பாதம் புதைந்து திரும்பாது, பிள்ளை முழங்காலைத் திருகுவாள். அலை நனைத்து இறுகிய மணல் பரவாயில்லை. ஏகாம்பரம் மைதானம் போன்ற இறுகிய நிலம் அதைவிட நல்லது.

கைகள்

இடுப்பு திரும்பத் தொடங்கியதும் வலது முழங்கை விலாவை உரசியபடி கீழே வரும். மட்டையின் குமிழ் முதலில் பந்தை நோக்கிப் போகும், பருத்த பாகம் பின்னால் வரும். கைகள் உடம்புக்கு அருகிலேயே நடக்கின்றன. எல்லே ஆடிய பிள்ளை இங்கேதான் தடுமாறுவாள். வலை எறிகிறவரின் கைபோல அவளுடைய கை தொடக்கத்திலேயே விரிந்துவிடும். மட்டை பெரிய வட்டம் போட்டுத் தாமதமாக வரும். உடம்புக்கு அருகே வரும் பந்து பிடிக்கு மேலே பட்டுக் கையை உதறவைக்கும்.

பந்து படும் கணத்தில் வலதுகை இன்னும் முழங்கையில் மடிந்திருக்கும். வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை நிலத்தையும் பார்க்கும். கை முழுதாக நீளுவது பந்து பட்ட பிறகு. மணிக்கட்டு புரளுவது அதற்கும் பிறகு.

மேலிருந்து கீழே வெட்டி அடிக்கச் சொல்வதும் பிழைதான். வரும் பந்து இலேசாகக் கீழ்நோக்கி வருகிறது. மட்டை அதன் பாதையில் சற்று நேரம் கூடவே போக, வீச்சு கடைசியில் சற்றே மேல்நோக்க வேண்டும். கீழே வெட்டினால் பந்தும் மட்டையும் சந்திக்கும் இடம் ஒரு புள்ளியாகக் குறுகிவிடும்.

எங்கே அடிப்பது: நடுவே வரும் பந்தை முன்பாதத்துக்கு நேரே. உடம்புப் பக்கம் வருவதை அதற்கு ஒரு சாண் முன்னே. வெளிப்பக்கம் வருவதை ஒரு சாண் பின்னே விட்டு. தொடக்கத்தில் தாடை இடது தோளருகே இருக்கும். முடியும்போது வலது தோளருகே இருக்கும். தலை அசையவில்லை, தோள்கள்தான் தாடைக்குக் கீழே திரும்பின.

பந்து சொல்லும் பிழை

இடது பக்கம் உருண்டு உருண்டு போகிறதா? மணிக்கட்டு முன்னதாகப் புரளுகிறது, அல்லது அவசரப்பட்டுவிட்டாள். வலது பக்கமே போகிறதா? தாமதம், பின்பாரத்தை முன்னதாகத் தொடங்கச் சொல்லுங்கள், கையை வேகமாக்கச் சொல்லாதீர்கள். நேர் மேலே எழும்பிப் பிடியாகிறதா? வலது தோள் சரிகிறது. பெரும்பாலும் பாரமான மட்டையோ, பின்னேயே தங்கிய பாரமோ காரணம். அடி பலமாகத் தெரிந்தும் பந்து தூரம் போகவில்லையா? மட்டையில் கரும்பலகைச் சோக்கைத் தேய்த்துவிட்டு அடிக்கவிடுங்கள். பந்து எங்கே படுகிறது என்று அடையாளம் விழும். நுனியிலிருந்து 10–15 சென்ரிமீற்றர் உள்ளே பட வேண்டும்.

இடது பாதம் பிளேட்டைவிட்டு விலகி ஓடுவது தனிக் கதை. அது உடற்பிழை அல்ல, பயம். ஹெல்மெட் போடுங்கள், காலுறைப் பந்தால் அருகிலிருந்து வீசுங்கள், உடம்புக்கு வரும் பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்புவதைத் தனியாகப் பழக்குங்கள். குதிக்காலுக்குப் பின்னே ஒரு தடியைப் படுக்கவைத்தால் கால் எங்கே போகிறது என்பது அவளுக்கே தெரியும். அதட்டினால் பயம் இரட்டிக்கும்.

பயிற்சிக்கு வேண்டிய சாமான்

பந்துத் தாங்கி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். பெயின்ற் வாளியில் சீமெந்துக் கலவை ஊற்றி, நடுவே ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை 30 சென்ரிமீற்றர் நிறுத்துங்கள். அதற்குள் நுழையும் சற்றுச் சிறிய குழாயை ஏற்றி, துளையிட்டு ஆணி செருகினால் உயரம் மாற்றலாம். உச்சியில் கராஜில் கழித்த ரேடியேற்றர் ரப்பர் குழாயில் ஒரு சாண் வெட்டி மாட்டுங்கள். மட்டை தவறிப் பட்டாலும் உடையாது. உயரம் இடுப்புப் பட்டி அளவு.

தாங்கியைப் பிளேட்டின் நடுவே வைத்து, அதற்கு நேரே உடம்பை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் பந்தைத் தொப்புளுக்கு நேரே அடிக்கப் பழகிவிடுவாள். காலடி வைத்தபின் முன்பாதம் எங்கே நிற்கிறதோ, அதற்கு நேரே தாங்கி இருக்கட்டும்.

அடித்த பந்தைத் தடுக்க இந்த ஊரில் வலைக்குப் பஞ்சமில்லை. கழித்த கரைவலையின் மடிப் பகுதி கண் சிறியது, நூல் தடித்தது, அதுவே நல்லது. தங்கூசி வலை சில நாளில் அறுந்துவிடும். வலையை இழுத்துக் கட்டாதீர்கள், பந்து திரும்பித் தெறிக்கும். தொய்வாக, தாங்கிக்கு 2 மீற்றர் முன்னே தொங்கவிடுங்கள்.

மூன்று பயிற்சிகள் போதும். முதலாவது தாங்கியில் நிறுத்தி அடிப்பது: பந்து படும் இடத்தில் மட்டையை நிறுத்தி, கால், இடுப்பு, கையைப் பார்ப்பது 5 தடவை, பிறகு முழு வீச்சு. இரண்டாவது கை விரிவதற்கான மருந்து: குமிழைத் தொப்புளில் வைத்து நுனி தொடும் தூரத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, அதை எதிர்நோக்கி நின்று, சாக்கில் படாமல் மெதுவாக வீசுவது. சுவர் வேண்டாம், மட்டை போய்விடும். மூன்றாவது பக்கத்திலிருந்து எறிந்து கொடுப்பது. எறிபவர் பிள்ளையின் நெஞ்சுக்கு எதிரே, சற்றே முன்பக்கம் தள்ளி, 3 மீற்றர் தூரத்தில் மண்டியிடட்டும். அதற்கு மேல் முன்னே போகாதீர்கள்; தாமதமாக அடிபட்ட பந்து நேரே உங்கள் முகத்துக்குத்தான் வரும். பந்தைக் காட்டி, கையைத் தாழ்த்தி, பிறகு எறியுங்கள். அந்தத் தாழ்வுதான் அவளுக்குப் பின்பாரத்தின் அடையாளம்.

கைத்தொலைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுப்பது எந்தப் பயிற்றுநருக்கும் குறையாத உதவி. அவளுடைய நெஞ்சுக்கு எதிரே 5 மீற்றர் தள்ளி, இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். பாதம் இறங்கும் கணத்தில் கை எங்கே, பந்து படும் கணத்தில் தலை எங்கே என்ற இரண்டு நிறுத்தங்களை மட்டும் பாருங்கள். ஒரு நாளில் ஒரு பிழைக்கு மேல் சொல்லாதீர்கள்.

எவ்வளவு, எப்போது

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம், மொத்தம் 50–60 வீச்சு. எட்டு வீசியதும் ஒரு நிமிடம் இளைப்பாறல். களைத்த பிள்ளை வீசும் அறுபத்தோராவது வீச்சு பிழையைத்தான் பதிக்கும். பாடசாலைவிட்டு வந்ததும் வெயிலில் இறக்காதீர்கள். மாலை நாலரைக்குப் பிறகு பார்க்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எறியும் ரெனிஸ் பந்து விலகிப்போகும், பிள்ளை அதைத் துரத்திக் கையை நீட்டுவாள். அந்த நாட்களில் தாங்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாரி மழையில் விறாந்தையும் காலுறைப் பந்தும் இருக்கின்றன.

முதல் இரண்டு வாரம் பாதமும் இடுப்பும், தாங்கியில் மட்டும். அடுத்த இரண்டு வாரம் கையும் சாக்கும். அதன்பின் எறிபந்து. தாங்கியில் பத்துக்கு எட்டு நேராக வலையில் படாத பிள்ளையை உண்மையான பிட்ச்சருக்கு முன்னே நிறுத்த அவசரப்படாதீர்கள். நிறுத்தும்போது ஹெல்மெட் கட்டாயம். முதல் பத்துப் பந்துக்கு மட்டையை வீசவே வேண்டாம். பின்பாரம், காலடி, கண் மட்டும். எது அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடையே பிளேட்டின்மேல் வந்தது என்று அவளே வாயால் சொல்லட்டும்.

போட்டிக்கு முந்திய வாரத்தில் எதையும் புதிதாகத் திருத்தவேண்டாம். நாளுக்கு 20 வீச்சு தாங்கியில் போதும். போட்டியன்று ஒரு கொப்பியில் அவள் அடித்த ஒவ்வொரு பந்தும் எந்தப் பக்கம், உருண்டதா எழும்பியதா என்று மட்டும் குறியுங்கள். அடுத்த வாரம் எந்தப் பயிற்சியை எடுப்பது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யலாம்.